மரவள்ளிக்கிழங்கு: சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குச்சிக்கிழங்கு, கப்பக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு என்று பெயர் பல இருந்தாலும் பயிர் ஒன்றுதான். தென் அமெரிக்காவில் பிறந்தது; 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போனது. இன்று உலகில் அதிகம் விளைவிப்பது நைஜீரியா. ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பயிர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

மழை பொய்த்தாலும் மரவள்ளி நிற்கிறதே, எப்படி?

மண் காய்ந்ததும் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், கீழ் இலைகளை உதிர்க்கும், வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும். பூக்கும் வாரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் சோளமும் நெல்லும் பொக்காகிவிடும். மரவள்ளிக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. பூ, காய், மணி எதையும் நம்பி நாம் அதை வளர்ப்பதில்லை. வேர் தடித்தால் போதும். முதல் இரண்டு மூன்று மாதம் மட்டும் ஈரம் வேண்டும். நட்ட தண்டுத் துண்டு (குச்சி) வேர் பிடிப்பதும், எந்த வேர் கிழங்காகப் போகிறது என்பது முடிவாவதும் அப்போதுதான். அந்தக் கட்டத்தில் வாடிய பயிர் பிறகு செழித்தாலும் கிழங்கின் எண்ணிக்கை குறைந்தே இருக்கும்.

அமில மண்ணையும் சத்துக் குறைந்த மண்ணையும் தாங்கும். வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சைகள் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். தாங்காதவை இரண்டு: தேங்கும் தண்ணீர், உவர் மண்.

சிறு விவசாயிக்கு அதனால் என்ன லாபம்?

அறுவடைத் தேதி அவர் கையில் இருக்கிறது. நட்டு 7 மாதத்திலும் பிடுங்கலாம், 14 மாதத்திலும் பிடுங்கலாம். வேண்டுமானால் இன்றைக்கு நாலு செடி, அடுத்த வாரம் நாலு செடி என்றும் எடுக்கலாம். கிடங்கு தேவையில்லை, மண்ணே கிடங்கு. தானியம் தீர்ந்து அடுத்த விளைச்சல் வராத மாதங்களில் பானை ஏறுவது பல வீடுகளில் இதை வைத்துத்தான். விலை சரிந்த வாரத்தில் விற்றே ஆகவேண்டிய நெருக்கடியும் இல்லை.

இந்தச் சலுகை மண்ணுக்குள் இருக்கும்வரை மட்டுமே. வெளியே எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொறுக்காது. இந்தப் பயிரில் ஏற்படும் நஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கடிகாரங்களையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

அப்படியென்றால் முழு நிலத்திலும் இதையே போடலாமா?

வேண்டாம். பச்சைக் கிழங்கில் 60 முதல் 65 சதவீதம் தண்ணீர், 25 முதல் 30 சதவீதம் மாவுச்சத்து. புரதமோ 1 சதவீதம் அளவுக்குத்தான். வயிறு நிறையும், உடம்பு தேறாது. புரதம் குறைந்த உணவோடு சரியாகப் பக்குவப்படுத்தாத மரவள்ளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம். பயறு, நிலக்கடலை, மீன், முட்டை ஏதேனும் ஒன்று தட்டில் கூட இருக்கவேண்டும். அதற்கு நிலத்திலும் ஓர் இடம் ஒதுக்கவேண்டும்.

விதைக்குச்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

8 முதல் 12 மாதம் வளர்ந்த செடியின் நடுத்தண்டுதான் நல்லது. நுனி பச்சையாக இருக்கும், நட்டால் காய்ந்துவிடும். அடித்தண்டு கட்டை போல் இறுகியிருக்கும், முளைக்கத் தாமதமாகும். குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகத் தெரியும் மெத்தென்ற சோற்றுப் பகுதியின் அகலம் தண்டின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அது இளந்தண்டு, ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய இடத்தில் சில நொடிகளில் பால் கசியவேண்டும். கசியாவிட்டால் காய்ந்த குச்சி.

நீளம் 20 முதல் 25 செ.மீ., கணு 5 முதல் 7 வரை. கூர்மையான கத்தியால், தண்டைக் கையில் பிடித்துச் சுழற்றியபடி நேராக வெட்டவேண்டும். கல்லில் வைத்து ஓங்கி வெட்டினால் முனை பிளந்து, அந்தப் பிளவு வழியாக அழுகல் ஏறும்.

குச்சி எப்போதும் தட்டுப்பாடாகவே இருக்கிறதே?

பயிரின் இயல்பு அப்படி. ஒரு செடியில் சராசரியாகப் பத்து நல்ல குச்சிதான் தேறும். எனவே புது ரகம் ஒன்று வந்தால், ஓர் ஆண்டில் ஒரு ஏக்கரிலிருந்து பத்து ஏக்கருக்குத்தான் பரவும். ஒரு மணி நூறாகப் பெருகும் தானியத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. அவசரமென்றால் இரண்டு மூன்று கணு உள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, நிழல்வலைக்குள் நாற்றங்காலில் படுக்கையாகப் பதித்து, தினமும் நீர் தெளித்து, 3 முதல் 4 வாரத்தில் வேர்விட்ட நாற்றாக எடுத்து நடலாம். சிறு துண்டில் சேமிப்புச் சத்து குறைவு. நேரடியாக வயலில் குத்தினால் முதல் வெயிலிலேயே போய்விடும்.

குச்சியைச் செங்குத்தாக நடுவதா, படுக்கையாகவா?

மழை குறைவான மணல்பாங்கு நிலத்தில் செங்குத்தாக நடுவதே நல்லது. குச்சி ஆழமாகப் போய் ஈரத்தைத் தொடும், வேர் எல்லாப் பக்கமும் பிரியும். படுக்கையாக 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் புதைப்பது ஈரமான நிலத்துக்கும் இயந்திர நடவுக்கும் வசதி. ஆனால் கிழங்கு மேலாகவே ஓடும், செடி காற்றுக்குச் சாயும். சாய்வு நடவில் கிழங்கெல்லாம் ஒரே பக்கம் சேர்வதால் பிடுங்குவது எளிது. செங்குத்தோ சாய்வோ, பரு (துளிர் வரும் மொட்டு) மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாக நட்ட குச்சியும் முளைக்கும், ஆனால் தாமதமாக, நோஞ்சானாக. பிரச்சனை என்னவென்றால், இலை உதிர்ந்த குச்சியில் மேல் எது கீழ் எது என்று அவசரத்தில் தெரியாது. இலைத்தழும்புக்கு மேலே பரு இருக்கும், அதுதான் அடையாளம். கட்டு கட்டும்போதே எல்லாக் குச்சிகளின் அடிப்பக்கமும் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கிவிட்டால் நடவு ஆட்கள் தவறு செய்ய வழியில்லை.

இடைவெளி 1 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 குச்சி. கிளைக்காமல் நிமிர்ந்து வளரும் ரகத்துக்கு 90 செ.மீ. போதும், அப்போது சுமார் 5,000. போக்கிடம் (குச்சி முளைக்காமல் போன இடம்) நிரப்பப் பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு போக்கிடம் நிரப்புவதானால் 40 செ.மீ. நீளக் குச்சி போடுங்கள். சின்னக் குச்சி போட்டால் பக்கத்துச் செடியின் நிழலிலிருந்து அது வெளியே வராது. நீர் தேங்கும் நிலமென்றால் பார் பிடித்தோ மேடு கூட்டியோதான் நடவேண்டும்.

களை எத்தனை முறை எடுக்கவேண்டும்?

நட்ட 3 அல்லது 4-ஆம் வாரத்தில் ஒன்று, 8-ஆம் வாரத்தில் ஒன்று, 12-ஆம் வாரத்தில் ஒன்று. இலை மூடிய பிறகு பயிரே களையை அடக்கிவிடும். முதல் மூன்று மாதக் களையை விட்டுவிட்டால் மகசூலில் பாதிக்கு மேல் போகும். உரத்தில் மிச்சம் பிடித்தாலும் முதல் களையில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டாவது களையோடு மண் அணைப்பதும், குச்சிக்கு எதிரெதிராக இரண்டு தண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுவதும் முடிந்துவிட வேண்டும்.

மரவள்ளி மண்ணை உறிஞ்சி ஓட்டாண்டியாக்கிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. கிழங்கை மட்டும் எடுத்து இலையையும் தண்டையும் வயலிலேயே விட்டால், தழைச்சத்து (நைட்ரஜன்) இழப்பு தானியப் பயிரைவிட அதிகமில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனால்தான் மண் தேய்கிறது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) விஷயம் வேறு. கிழங்கோடு நிறையப் போவது அதுதான். ஆண்டுக்கணக்கில் அதைத் திருப்பிக் கொடுக்காத வயலில் இலை ஓரம் கருகும், கிழங்கு ஒல்லியாகும், மாவுச்சத்து குறையும், கசப்பு கூடும்.

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரத்தோடு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கடையில் வாங்கும் உரமாகச் சொன்னால் யூரியா 87 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 67 கிலோ. சூப்பர் முழுவதும் அடியுரம். மற்ற இரண்டில் பாதி அடியுரம், மீதி இரண்டாம் மாதம் மண் அணைக்கும்போது. மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் தழை காடாக வளரும், கிழங்கு தடிக்காது. கூடவே கிழங்கில் உள்ள சயனைடு என்ற நஞ்சும் ஏறும். அடுப்புச் சாம்பல் நல்ல சாம்பல்சத்து, ஆனால் யூரியாவோடு கலந்து வீசினால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

சரிவு நிலத்தில் கவலை சத்தைப் பற்றியதல்ல, மண்ணைப் பற்றியது. முதல் மூன்று மாதம் தரை வெறுமையாகக் கிடப்பதால் மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்கே பார் போட்டு, இடையிடையே வெட்டிவேர் வரிசை வைப்பது பலன் தரும்.

அந்த மூன்று மாதத்தில் ஊடுபயிர் போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு போல 60 முதல் 100 நாளில் முடிகிற குட்டைப் பயிராக இருக்கட்டும். தட்டில் குறையும் புரதம் அதே வயலிலிருந்து வந்துவிடும். படரும் ரகத் தட்டைப்பயறு வேண்டாம், மரவள்ளித் தண்டிலேயே ஏறிவிடும்.

இலை சுருங்கி மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. மருந்து என்ன?

தேமல் நோய். வைரஸ் என்பதால் மருந்து கிடையாது. 1894-இலேயே இன்றைய தான்சானியாவில் பதிவான நோய் இது. 1990-களில் உகாண்டாவில் இதன் கடுமையான வடிவம் பரவி வயல்களைக் கைவிடவே வைத்தது. வெள்ளை ஈ பரப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட அதிகமாகப் பரப்புவது நாம்தான், நோயுள்ள குச்சியை நட்டு. குச்சி வழியாக வந்த நோய் முதல் இலையிலிருந்தே தெரியும், மகசூலைக் கடுமையாகக் குறைக்கும். ஐந்தாறு மாதம் கழித்து ஈ கொண்டுவரும் நோயால் அந்தப் பருவத்தில் இழப்பு குறைவு. ஆனால் அந்தக் குச்சி அடுத்த நடவுக்கு ஆகாது.

எனவே குச்சியைத் தேர்வு செய்யும் நாள் அறுவடை நாள் அல்ல. அன்றைக்கு இலை உதிர்ந்திருக்கும், நோய் தெரியாது. பயிர் தழைத்து நிற்கும்போதே வயலில் நடந்து, சுத்தமான செடிகளில் துணி கட்டியோ வண்ணம் பூசியோ அடையாளம் வையுங்கள். அடையாளம் உள்ள செடியில் மட்டும் குச்சி வெட்டுங்கள். முதல் இரண்டு மாதத்தில் தேமல் தெரியும் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நோய் எதிர்ப்பு ரகம் கிடைக்குமிடத்தில் அதுவே சிறந்த வழி.

இலை நன்றாக இருந்தும் கிழங்கை வெட்டினால் உள்ளே பழுப்புத் தக்கை. ஏன்?

பழுப்புக் கீற்று நோயாக இருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1930-களில் விவரிக்கப்பட்ட இன்னொரு வைரஸ் நோய் அது. கீழ் இலைகளில் நரம்பு ஓரமாக லேசான மஞ்சள் இருக்கும், பலர் முதிர்ந்த இலை என்று விட்டுவிடுவார்கள். இந்த நோய் உள்ள வட்டாரங்களில் மண்ணே கிடங்கு என்ற வசதி பறிபோகிறது. கிழங்கு மண்ணில் கிடக்கக் கிடக்க அழுகல் கூடும் என்பதால் முன்கூட்டியே பிடுங்கவேண்டியிருக்கிறது. மண்ணில் தண்ணீர் தேங்கி, கிழங்கு கொழகொழவென்று நாறினால் அது பூஞ்சை அழுகல், இது அல்ல.

மாவுப்பூச்சிக்கு எந்த மருந்து அடிக்கலாம்?

முதலில் அடிக்காமல் இருந்து பாருங்கள். நுனி இலைகள் கொத்தாகச் சுருங்கி, கணு இடைவெளி குறுகி, வெள்ளை மாவு அப்பியிருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து தற்செயலாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து பெருநாசம் செய்தது. 1981-இல் பராகுவேயில் இதன் இயற்கை எதிரியான ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவி கண்டுபிடிக்கப்பட்டது. நைஜீரியாவின் இபாடானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம் அதைப் பெருக்கி நாடு நாடாக விட்டது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008-இல் பூச்சி தாய்லாந்தில் தெரிந்தபோதும் அடுத்த ஆண்டே இதே குளவியை வரவழைத்தார்கள்.

வீரியமான பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பிவிடும். தாக்கிய நுனிகளைக் கிள்ளி அழிப்பதும், பூச்சி ஒட்டிய குச்சியை வெளியூருக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் முக்கியம்.

எப்போது பிடுங்குவது?

குறுகிய கால ரகம் 6 முதல் 7 மாதம், மற்றவை 9 முதல் 12 மாதம். அதற்கு மேலும் விடலாம், ஆனால் நாளாக ஆக நார் ஏறும். நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்து செடி துளிர்த்தவுடன் பிடுங்குவது வீண்: புதுத் தளிருக்காகக் கிழங்கிலுள்ள மாவைச் செடி திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக் கிழங்கு வேகாது, சவசவ என்றிருக்கும்.

ஆலைக்கு விற்பவர்கள் மாவுச்சத்தைத் தாங்களும் சோதித்துக்கொள்வது நல்லது. கழுவிய 5 கிலோ கிழங்கைக் கூடையோடு தண்ணீரில் மூழ்கவிட்டுத் தராசில் நிறுங்கள் (கூடையின் எடையைக் கழித்துவிடவும்). தண்ணீருக்குள் எவ்வளவு அதிக எடை காட்டுகிறதோ அவ்வளவு மாவு. இரண்டு வயல், இரண்டு ரகம் என்று ஒப்பிட இது போதும்.

பிடுங்கிய இரண்டாம் நாளே உள்ளே நீலக் கோடு விழுகிறதே?

உருளைக்கிழங்கு ஒரு தண்டு. அதில் கண் உண்டு, அது முளைப்பதற்காகத் தூங்கிக் காத்திருக்கும். மரவள்ளிக் கிழங்கு வெறும் வேர். அதில் கண் இல்லை, முளைக்காது, உறக்க காலமும் கிடையாது. செடியிலிருந்து பிரித்த நொடியில் அதன் வேலை முடிந்தது. பிடுங்கும்போது பட்ட காயத்தில் காற்று நுழைந்து ஆக்சிஜனேற்றம் தொடங்கும்; 24 முதல் 72 மணி நேரத்தில் குழாய்த் திசுக்களில் கருநீலக் கோடுகள் ஓடும். இது கிருமியால் வருவதில்லை என்பதால் மேலே மருந்து தடவிப் பலனில்லை. கிருமி வருவது அடுத்த கட்டம், ஐந்தாறு நாளில்.

தள்ளிப்போட வழிகள் உண்டு. அறுவடைக்கு 2 அல்லது 3 வாரம் முன்பு தண்டை 20 முதல் 30 செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள், கோடு விழுவது நன்றாகத் தாமதமாகும், மாவு சற்றுக் குறையும். பிடுங்கும்போது கிழங்கின் கழுத்தைத் தண்டோடு சேர்த்து வெட்டுங்கள், சதையில் வெட்டு படக்கூடாது. காயமில்லாத கிழங்கை ஈர மரத்தூளோடு பெட்டியில் அடுக்கினால் சில வாரம் தாங்கும். மரத்தூள் காய்ந்தால் கோடு விழும், சொட்டச் சொட்ட நனைந்தால் அழுகும். கையில் பிழிந்தால் நீர் வழியாமல் உருண்டையாக நிற்கும் ஈரம் சரி. மெழுகு பூசுவதும் காற்றைத் தடுக்கும் உத்திதான். இவை எதுவும் முடியாதென்றால் பிடுங்கிய அன்றே சீவிவிடுவதே வழி. இன்னும் எளியது: விற்கும் ஆளும் வண்டியும் உறுதியாகும்வரை பிடுங்காதீர்கள்.

கிழங்கில் நஞ்சு இருக்கிறதா?

இருக்கிறது. லினமாரின் என்ற பொருள் செல்லுக்குள் ஒரு பக்கமும், அதை உடைக்கும் நொதி செல்சுவரிலும் தனித்தனியாக இருக்கும். கிழங்கு நசுங்கினால் இரண்டும் சந்தித்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அது 26 டிகிரியிலேயே ஆவியாகப் பறந்துவிடும். ஆக, நசுக்குவது நஞ்சை வெளியேற்றும் வழி. நசுங்காமல் மிஞ்சும் லினமாரின்தான் வயிற்றுக்குள் போய் வேலை காட்டுகிறது.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கணக்கில், கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு இருந்தால் இனிப்பு ரகம். அதைத் தோலுரித்துச் சிறு துண்டாக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும். கொதிக்கிற நீரில் பெரிய துண்டைப் போடுவது தவறு: சூட்டில் நொதி உடனே செத்துவிடும், லினமாரின் சூட்டுக்கு அசையாமல் உள்ளேயே இருக்கும். கசப்பு ரகத்தை இப்படி வேகவைத்துச் சாப்பிடவே கூடாது. துருவி, சில நாள் புளிக்கவைத்து, பிழிந்து, வறுக்கவேண்டும். அல்லது 3 முதல் 5 நாள் நீரில் ஊறவைத்து, மிருதுவானபின் பிசைந்து காயவைக்கவேண்டும். வெட்டி வெயிலில் காயவைப்பது மட்டும் போதாது. வறட்சி ஆண்டில் இனிப்பு ரகமும் கசக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காயவைத்து அரைத்த மாவில் மிஞ்சிய நஞ்சை இனி என்ன செய்வது?

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி வகுத்த எளிய முறை ஒன்று உண்டு. உலர்ந்த மாவைப் பாத்திரத்தில் கொட்டி, மட்டத்தை உட்பக்கம் கோடிட்டுக் குறியுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். மட்டம் முதலில் இறங்கும், பிறகு ஏறும். பழைய கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். அந்த ஈரமாவைப் பாயில் 1 செ.மீ.-க்கு மேல் தடிக்காமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் விடுங்கள். சயனைடு பறந்துவிடும். அன்றே சமைத்துவிடவேண்டும், ஈரமாவு தங்காது. மாவுக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

பஞ்ச காலத்தில் அவசரப்பட்டு ஊறவைக்கும் நாளைக் குறைக்கும்போது வருவது கொன்சோ என்ற முடக்கம். இரு கால்களும் திடீரென்று விறைத்து, திரும்பச் சரியாகாமலே போகும். குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் அதிகம் தாக்கும். 1981 வறட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி முடங்கினார்கள். சயனைடை முறிக்க உடம்புக்குக் கந்தகம் உள்ள புரதம் தேவை. தட்டில் பயறும் மீனும் இல்லாத வீடுகளில் முறிக்க ஒன்றுமிருக்காது.

இலை, தோல் இரண்டையும் ஆட்டுக்குப் போடலாமா?

பச்சையாகப் போடாதீர்கள். சதையைவிடத் தோலிலும் இலையிலும் நஞ்சு கூடுதல். பசியோடு வந்த ஆடு பச்சை இலையை வயிறு முட்டத் தின்றால் சிறிது நேரத்திலேயே விழும். நறுக்கி, வாட்டி, நன்றாகக் காயவைத்து, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலக்கலாம். மனிதர் உண்பதற்கு இளம் இலையை நன்றாக இடித்து, நிறைய நீரில் கொதிக்கவைக்கவேண்டும். காய்ந்த இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பதால் கிழங்கின் குறையை அது ஈடுசெய்யும். ஒரே செடியில் அடிக்கடி பறித்தால் கிழங்கு சிறுக்கும்.

10 கிலோ கிழங்கில் எவ்வளவு உலர்சீவல் தேறும்?

தோல் போக 8 கிலோ, காய்ந்தால் சுமார் 3 கிலோ. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழ் இறங்கவேண்டும். ஒடித்தால் வளையாமல் பட்டென்று முறியும். மெல்லிய சீவலாக, உயர்த்திக் கட்டிய தட்டியில், நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். மூட்டமான நாளில் ஆரம்பித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் சில சமயம் நச்சாக இருக்கும், தட்டிவிட்டு மூட்டை கட்டக்கூடாது.

அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. குச்சியை எப்படி வைப்பது?

துண்டாக நறுக்காமல் முழுத் தண்டாகவே, மர நிழலில் செங்குத்தாக நிறுத்தி, அடியை ஒரு சாண் மண்ணில் புதைத்து, அந்த மண்ணை ஈரமாக வைத்திருங்கள். வெயிலும் காற்றும் நேராகப் படக்கூடாது. மாடு ஆடு எட்டாத இடமாக இருக்கட்டும். மேலே துளிர்விட்டால் பயப்படவேண்டாம். நடும் அன்று இரு முனையிலும் காய்ந்த பகுதியைக் கழித்து, பால் கசியும் நடுப்பகுதியை மட்டும் துண்டாக்குங்கள். இரண்டு மாதத்தில் கொஞ்சம் கழிவு போகத்தான் செய்யும். அடுக்கும்போதே தேவைக்குக் கால்பங்கு கூடுதலாக நிறுத்திவிடுங்கள்.